கதவுக்குப் பின்னால் இருந்த குரல்

மகனே,

உம்மாவின் ஸலாம். கோபம் குறையாமலேதான் இதைப் பிரித்திருப்பாய். பிரித்தாயே, அது போதும்.

நீ வாங்கிக்கொடுத்த கருவி பக்கத்தில் மேசைமேல் இருக்கிறது. டார்ச் லைட் மாதிரிதான், அதைவிடக் கொஞ்சம் குட்டை. நீ வெளிநாட்டிலிருந்து வந்த மறுநாள் காலை, அடுப்படியில் என்னை முக்காலியில் உட்காரவைத்து அதைத் தாடைக்குக் கீழே பிடித்தாய். "இங்க வச்சு அழுத்துங்க உம்மா. மூச்சைப் பிடிக்காதீங்க. சும்மா வாயை அசைங்க, சத்தத்தை அது போட்டுக்கும்." என்ன சொல்ல என்று சிலேட்டில் எழுதினேன். சிலேட்டைப் பிடுங்கி அரிசிப் பானைமேல் வைத்துவிட்டாய். "எதையாச்சும் சொல்லுங்க. மூணு வருசமா சொல்லாம வச்சிருப்பீங்கல்ல?" அழுத்தினேன். ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். அதற்குள் என் உதடுகள். "டீயில சீனி பத்தல." நீ சிரித்தாய், பிறகு தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்தாய்.

தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்த பிறகு, என் மூச்சு கழுத்துத் துளை வழியேதான் போய் வருகிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத சில சின்ன விஷயங்கள் உண்டு. சூடான டீயை என்னால் ஊதி ஆற்ற முடியாது. நெல் அவிக்கிற வாசனை எனக்கு வருவதில்லை. ஆற்றில் இடுப்புக்கு மேல் இறங்கக் கூடாது. சிரித்தால் சத்தம் இல்லை, அழுதாலும் இல்லை. பக்கத்து வீட்டு ஹமீதா முதல் வருடம் முழுக்க என் முகத்தை உற்றுப் பார்த்து, "சிரிக்கிறீங்களா லாத்தா, அழுவுறீங்களா, ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கருவி வந்த பிறகு மீன்காரர் வாசலில் கூடையை வைத்துவிட்டு, "வீட்டுக்குள்ள வண்டு கிண்டு பூந்துருச்சாம்மா?" என்றார். "வண்டு இல்ல, நான்தான். கெளுத்தி இருக்கா?" என்றேன். இப்போது இந்தத் தெருவில் எனக்கு 'மெசினம்மா' என்று பெயர். எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மெசினால், வீட்டுக்கு வெளியே, நாலு பேர் கூடிய இடத்தில், நான் பேசிய முதல் பேச்சு உனக்கு எதிரான பேச்சாகிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நன்னிலத்துப் பத்திர ஆபீஸ். நீயும் நானும், நிலத்தை வாங்க வந்த செங்கல் சூளைக்காரரும். பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டாய்: "மெஷினை எடுக்க வேணாம் உம்மா. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நான் பேசிக்கறேன். நீங்க சும்மா தலையாட்டினாப் போதும்." சரி என்று தலையாட்டினேன். என் ஆறு மா நிலத்தை விற்று, அங்கே நீ கூட்டாகத் தொடங்கும் கடையில் போடுவது என்பது உன் திட்டம். ஐந்து வருடம் இன்னொருவன் கடையில் நின்ற பிள்ளை சொந்தக் கடையில் நிற்க ஆசைப்படுகிறான். அதில் என்ன தப்பு? எனக்கும் சம்மதம்தான். பத்திரம் எழுதியவர் படித்துக் காட்டும்வரை சம்மதம்தான்.

"மேற்படி நிலம் நாளது தேதிவரை எனது சொந்த சாகுபடி அனுபவத்தில் இருந்து வருவதாலும், குத்தகை பாத்தியதை எவருக்கும் இல்லாததாலும்..."

அந்த இரண்டு சொற்கள். சொந்த சாகுபடி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு நான் என் வாயால் சொன்ன அதே சொற்கள். பதிவாளர் நிமிர்ந்து, "படிச்சுக் கேட்டீங்களாம்மா? எல்லாம் சரிதானே?" என்றார். "சரிதான் சார். உம்மாவால பேச முடியாது, தலையாட்டுவாங்க" என்றாய். என் கை பைக்குள் போனது. எப்போது எடுத்தேன், எப்போது கழுத்தில் வைத்தேன், தெரியாது.

"சரியில்ல. இதுல காத்தமுத்து குத்தகை இருக்கு."

இந்தக் கருவிக்கு ஒரே ஒரு அளவுச் சத்தம்தான். கூடம் முழுவதும் திரும்பியது. முத்திரைத்தாள் விற்கிறவர் எழுந்தே நின்றுவிட்டார். சூளைக்காரர் உன்னிடம், "என்ன தம்பி, அம்மா என்னமோ சொல்லுதே?" என்றார். அப்புறம், "வில்லங்கம் இருந்தா முதல்லயே சொல்லிருக்கணும்ல?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னது ஒன்றே ஒன்று. "நான் வாங்கிக் குடுத்த மெஷினாலயே என் கழுத்தை அறுத்துட்டீங்க." அறுபட்ட கழுத்து யாருடையது என்று அடுத்த நொடியே உனக்கு உறைத்தது. முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் வருத்தப்படவில்லை. நல்ல வாக்கியம் அது. பொருத்தமான இடத்தில் வந்தது. இரண்டு நாளில் விமானம் ஏறிவிட்டாய்.

இனி பழைய கதை. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே உனக்கு இத்தனை வருடம் சொல்லாத கதை.

என் ஊரான அதிராம்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பார்கள். என் வாப்பா எனக்கு வீடு கொடுக்கவில்லை. நன்னிலம் பக்கம் வாழப்போகிறவளுக்குக் கடலோரத்தில் வீடு எதற்கு என்று இங்கே ஆறு மா நஞ்சை வாங்கி என் பெயரில் எழுதினார். அதற்கு முன்பு திருச்சியில் விடுதியில் தங்கி இரண்டு வருடம் கல்லூரியில் படித்திருந்தேன். பெரிய எண்ணங்கள் இருந்தன. விடுதி நூலகத்தில் சிற்றிதழ்களை வரிவரியாகப் படித்துவிட்டு, உலகத்தில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்று திரிந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு உலகம் ஒரு கதவு, அதில் ஒரு திரை, திரைக்கு அப்பால் ஒரு வாசல், வாசலில் ஒரு முருங்கை மரம்.

அந்த முருங்கை நிழலில்தான் காத்தமுத்து வந்து நிற்பார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே அந்த நிலத்தை உழுதவர். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. அறுவடை முடிந்தால் வாசலில் நெல் மூட்டை. அதுதான் குத்தகை. இந்தப் பக்கத்தில் பாதி நிலம் அப்படி வாய்ச்சொல்லில்தான் ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் திரை இடுக்கில் அவரைப் பார்ப்பேன். அவருக்கு என் குரல் மட்டும்தான். வைகாசி பிறந்துவிட்டால் தினமும் காலையில் வருவார்.

"அம்மா, மேட்டூர் தொறந்துட்டாங்களா?"

நம் வீட்டுக்குத்தான் பேப்பர் வரும். நான் படித்துச் சொல்வேன். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. பிறகு ஒரு நாள்: "தொறந்துட்டாங்க." "கல்லணைக்கு?" "நாலு நாள்ல வந்துரும்." அவர் விரல்களை மடக்கி எண்ணுவார். கல்லணையிலிருந்து நம் வாய்க்கால் வரைக்கும் அந்த விரல்களில் தண்ணீர் நடந்து வரும். "அப்ப நாத்தங்காலுக்கு உழுதுடலாம்." ஒரு தடவை சொன்னார், "பேப்பர்ல போட்டா நம்ப மாட்டேங்க. அம்மா சொன்னா நம்புவேன்." நான் உள்ளிருந்து சிரித்தேன். "நான் பேப்பரைத்தானே படிக்கிறேன்?" "அது எனக்குத் தெரியாதுங்க. எனக்குக் கேக்குறது உங்க கொரலு."

அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் வாசனை வருகிறது. மூக்கில் இல்லை, வேறு எங்கோ. நீ தவழ்ந்து திரைக்கு அடியில் தலையை நீட்டுவாய். அவர் உனக்கு முருங்கைப் பூவை உருவிக் காட்டுவார். பேச்சு வந்ததும் அவரை முத்து மாமா என்று கூப்பிட்டாய். உன் வாப்பா சிரித்துக்கொண்டே, "நம்ம ஆளு முறை வைக்கிறான் பாரு" என்பார். யாரும் திருத்தவில்லை.

அப்புறம் காலம் சூடாகிவிட்டது. கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. வரப்புகளில் சிவப்புக் கொடி. கூலி கேட்டுத் தகராறு, வெளியூர் ஆள் வைத்து அறுப்பு. சில ஊர்களில் நடந்ததைப் பேப்பரில் படித்துவிட்டு, வாய்விட்டுப் படிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். காத்தமுத்து பதிவுக்கு மனுப் போட்டார். தாசில்தார் விசாரணைக்கு வருவதாக நோட்டீஸ் வந்தது. அதை உன் வாப்பாவுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். கேட்டுவிட்டு நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நிலம் உம் பேர்ல இருக்கு. கேட்டா நீதான் சொல்லணும்."

"என்ன சொல்ல?"

"என்ன சொல்லணும்னு உனக்கே தெரியும்."

அவ்வளவுதான். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. போய்ச் சேர்ந்த மனிதர்மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பதிவாகிவிட்டால் நிலம் நம் கையைவிட்டுப் போனமாதிரி என்று ஊரே பேசியது. அது என் வாப்பா கொடுத்தது. எனக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். பயந்தேன். படித்தவள் பயந்தால் அதற்குக் காரணங்களும் அழகாகக் கண்டுபிடித்துக்கொள்வாள்.

வாசலில் தாசில்தாருக்கு நாற்காலி. பக்கத்தில் கணக்குப்பிள்ளை அடங்கல் புத்தகத்தோடு. அதில் வருடா வருடம் சொந்த சாகுபடி என்றே எழுதிவந்திருக்கிறார். முருங்கையடியில் காத்தமுத்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் திரைக்குப் பின்னால். என் மடியில் நீ. உனக்கு ஐந்து வயது.

"அம்மா உள்ள இருக்காங்களா? நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுங்க."

"காத்தமுத்துங்கறவரு உங்க நிலத்தைக் குத்தகைக்கு உழுறதா மனு போட்டிருக்காரு. உண்மையா?"

"இல்லீங்க. சொந்த சாகுபடிதான். அவரு கூலிக்கு வர்றவரு."

குரல் நடுங்கவில்லை. மேட்டூர்ச் செய்தி சொல்லும் அதே குரல், அதே தெளிவு. அப்போது நீ நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சத்தமாக, "உம்மா, முத்து மாமாதானே நம்ம வயல்ல—"

உன் வாயைப் பொத்தினேன்.

இறுக்கிப் பொத்தினேன். உன் மூச்சு என் உள்ளங்கையில் சூடாக முட்டியது. வெளியே தாசில்தார், "புள்ள என்ன சொல்லுது?" என்றார். கணக்குப்பிள்ளை, "பசிக்குதுன்னு சொல்லுதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காத்தமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "அம்மாவே சொன்னப்புறம் நான் என்னங்க சொல்றது" என்றார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார்.

நிலத்தை அவர் விடவில்லை. வேறு எங்கே போவார்? அதே உழவு, அதே நடவு, அதே மூட்டைகள். மூட்டைகள் மட்டும் அதற்குப் பிறகு வாசலுக்கு வரவில்லை; உன் வாப்பாவின் கடைக்குப் போயின. உன் வாப்பாவுக்குப் பிறகு, வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். எல்லாம் முன்பு போலத்தான். ஒரு சொல்லில் அவரை வெளியே அனுப்பலாம் என்பதுதான் வித்தியாசம். அந்தச் சொல் என்னிடம் இருந்தது. நீ வளர்ந்தபோது அவரைக் கூலிக்கு உழுகிறவர் என்றே தெரிந்துகொண்டாய். நானும் திருத்தவில்லை. அடுத்த வைகாசியில் முருங்கையடியில் யாரும் வரவில்லை. மேட்டூர் திறந்த அன்று அந்தச் செய்தியை எனக்கு நானே மெதுவாகப் படித்துக்கொண்டேன்.

குரல் போனதை அதற்கான தண்டனை என்று நினைத்துக்கொண்டிருப்பதாக எண்ணாதே. அது புகையிலை. வெற்றிலைக்குள் ஒளித்து இருபது வருடம் போட்டேன். படைத்தவன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிப் பிரம்போடு திரிகிறான் என்று நான் நம்பவில்லை. குரல் போன பிறகு ஒன்றுதான் நடந்தது. சிலேட்டில் எழுத இடம் குறைவு, எதை எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்தபோதெல்லாம் இந்த ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதை அழித்துவிட்டுக் காய்கறிப் பட்டியல் எழுதினேன்.

நீ போன அடுத்த ஞாயிறு, வாய்க்காலைத் தாண்டிப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. காத்தமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். அவர் மகள் தமிழரசி, தொடக்கப் பள்ளியில் டீச்சர், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா?" என்றார்.

"நான்தான். பாய் வீட்டம்மா."

ரீங்காரம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் கோழி ஓடியது. அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "பாய் வீட்டம்மா கொரலு எனக்குத் தெரியுமுங்க. இது அது இல்ல." அவர் சொன்னது நியாயம். முகத்தை நான் காட்டியதே இல்லை. காட்டிய குரல் இப்போது இல்லை. அவர் முன்னால் நான் யார் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

"அவங்கதான்ப்பா. தொண்டையில ஆபரேசன்" என்றாள் தமிழரசி.

"கதவுக்குப் பின்னாடி இருந்தவங்களா?" அவர் மறுபடி பார்த்தார். "இவ்வளவு உசரம்னு நெனைக்கலீங்க."

வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அழுத்தினேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்." மீதியைத் தொடங்குமுன் தமிழரசி கையில் ஈரத் துணியோடு பக்கத்தில் வந்தாள்.

"கொரல் இருந்தப்ப பொய் சொன்னீங்க. அது போனப்புறம் வந்து உண்மை சொல்றீங்களா?"

"ஆமா."

"மெசின் நல்லா வேலை செய்யுது" என்றாள். சிரிக்கவில்லை.

"விடு பாப்பா" என்றார் அவர். ஆனால் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவர் கண்களில் இன்னும் சந்தேகம். யாரோ ஒரு உயரமான அந்நியப் பெண்மணி, யாருடைய பொய்யையோ தன்னுடையது என்கிறாள். நான் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. இந்த வருடம் தண்ணீர் தாமதம். அன்று காலைப் பேப்பரில்தான் செய்தி வந்திருந்தது. கருவியை மறுபடி கழுத்தில் வைத்தேன்.

"மேட்டூர் தொறந்துட்டாங்க."

அவர் தலை நிமிர்ந்தது.

"கல்லணைக்கு?"

"நாலு நாள்ல வந்துரும்."

விரல்களை மடக்கினார். ஒன்று, இரண்டு. சுண்டுவிரல் சரியாக மடங்கவில்லை, இன்னொரு கையால் மடக்கினார். "அப்ப நாத்தங்காலுக்கு உழுதுடலாம்." மகள் பக்கம் திரும்பினார். "அம்மாதான்."

தமிழரசி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டு, "எழுதிக் குடுங்க" என்றாள். "பேச்சு போதும். பேச்சை நம்பித்தான் இருபத்திரண்டு வருசம் போச்சு." அவள் சொல்வதுதான் சரி. நாலு பேர் முன்னால் பேசிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன், இரண்டு பக்கம். வியாழக்கிழமை அவளும் நானும் தாலுகா ஆபீஸ் போகிறோம். அந்த நிலத்தில் பதினாறு வயதிலிருந்து உழுகிறவர் காத்தமுத்து, குத்தகைதாரர், என்று என் கையெழுத்தோடு கொடுக்கப்போகிறேன். நிலம் நம் பேரிலேயே இருக்கும். விற்றாலும் அவர் குத்தகையோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். சூளைக்காரர் வரமாட்டார்.

உன் கடை தள்ளிப்போய்விட்டது. அது எனக்குத் தெரியும். எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்காக அல்ல, உன்னிடம் முதலில் சொல்லாததற்காக. கருவிக்கு ரகசியம் பேசத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சிலேட்டு இருந்ததே. பஸ்ஸிலேயே எழுதிக் காட்டியிருக்கலாம். நீ அழித்துவிடுவாய் என்று பயந்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்தது என் தப்பு. அல்லது, அழிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் பயந்தேனோ.

அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஒன்று மட்டும். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, பத்துப் பேர் நடுவில் அது எதையாவது சொல்ல வாய் திறந்தால், உன் கை தானாக நீளும். நீளும்போதே உனக்குத் தெரியும். மடக்கிக்கொள். அது பசிக்கிறது என்று சொல்வதாக யாரும் அர்த்தம் சொல்ல விட்டுவிடாதே.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும்; அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு போன் பூத்துக்கு வருகிறேன். பூத்துக்காரருக்கு என் சத்தம் பழகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்கிறார். புது பேட்டரி போட்டிருக்கிறேன். நீ எடு. பேச வேண்டாம். ஐந்து வயதில் நீ ஆரம்பித்து, நான் முடிக்கவிடாத வாக்கியம் ஒன்று இருக்கிறது. பத்திர ஆபீஸில் நான் சொன்னது உனக்கு எதிரான பேச்சு இல்லை, மகனே. அது நீ சொல்ல வந்ததுதான். அதை முழுசாக ஒரு தடவை சொல்லிக் காட்டுகிறேன். உன் அந்தச் சின்னக் குரல் மாதிரி இருக்காது. என் பழைய குரல் மாதிரியும் இருக்காது. கேள்.

உம்மா